கீசருக்குள் கரையும் கம்பி: வீட்டு வாட்டர் ஹீட்டரைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

கடந்த மழைக்காலத்தில் லாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். பஜ்ருக்கு எழுந்த மச்சான் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தார். "வெந்நீரு செம்மண் கலர்ல வருது. புள்ளைங்கள இதுல குளிக்க வைக்காதீங்க." அதைக் கேட்ட லாத்தாவின் இளைய மகள் சாதாரணமாகச் சொன்னாள்: "நேத்து குழாயத் தொட்டப்பவே சுர்ருன்னு இருந்துச்சும்மா."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, சர்வீஸ் செய்யும் தம்பியை வரவழைத்தோம். அவர் கீசரின் அடி மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"வாங்கி எத்தனை வருஷம் ஆகுது லாத்தா?"

"ஆறு வருஷம் இருக்கும் தம்பி."

"ஒரு தடவையாவது சர்வீஸ் பண்ணுனீங்களா?"

"தண்ணிதான் சூடா வந்துட்டு இருந்துச்சே, எதுக்கு சர்வீஸ்?"

உள்ளேயிருந்து அவர் வெளியே எடுத்தவை மூன்று. ஒன்று, வெள்ளைப் பாறைபோல உப்புப் படிந்து வெடித்திருந்த ஹீட்டிங் எலிமெண்ட். இரண்டு, ஒரு கை நிறையத் துருவும் சேறும். மூன்று, ஒரு மெல்லிய இரும்புக் கம்பி. அந்தக் கம்பியைக் காட்டி, "இது விரல் தடிமனுக்கு இருந்திருக்கணும். முழுசாக் கரைஞ்சு போச்சு. அதுக்கப்புறம்தான் டேங்க் துருப்பிடிக்க ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

நம்மில் பெரும்பாலோர் லாத்தாவைப் போலத்தான் நினைக்கிறோம். தண்ணீர் சூடாக வரும்வரை கீசரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கீசர் கெடுவது வெளியே தெரியாது. அது உள்ளிருந்து மெதுவாக அரிக்கப்படுகிறது. அந்த அரிப்பைத் தடுப்பதற்கென்றே உள்ளே வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொருளைப் பற்றி, வாங்கும்போதும் பொருத்தும்போதும் நமக்கு யாரும் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

டேங்கின் உள்ளே என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் உள்ள 10, 15, 25 லிட்டர் கீசர்களில் பலவற்றின் உள் டேங்க் சாதாரண எஃகுத் தகட்டால் ஆனது. எஃகு அப்படியே தண்ணீரில் இருந்தால் விரைவில் துருப்பிடித்துவிடும். எனவே அதன் உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சைப் பூசி, சூளையில் சுட்டு ஒட்ட வைக்கிறார்கள். விளம்பரங்களில் 'கிளாஸ் லைன்டு டேங்க்' என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பூச்சு நல்ல பாதுகாப்புதான். ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. ஊசிமுனை அளவுக்குச் சிறு துளைகள் அதில் இருக்கலாம். மூட்டுகளிலும் எலிமெண்ட் பொருந்தும் வாயின் விளிம்பிலும் பூச்சு மெலிந்திருக்கலாம். நாள்தோறும் சூடாகி ஆறும்போது நுண்ணிய விரிசல்களும் விழலாம். அந்த இடங்களில் தண்ணீரும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜனும் எஃகைத் தொடுகின்றன. துரு அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீரில் உப்பு கூடினால் அது வேகமாகும். சூடு கூடினால் இன்னும் வேகமாகும். கீசருக்குள் இவை எல்லாமே ஒன்றாக இருக்கின்றன.

தானே கரைந்து டேங்கைக் காக்கும் கம்பி

இதற்காகத்தான் டேங்குக்குள் ஒரு மெக்னீசியம் கம்பியை வைக்கிறார்கள். 'ஆனோடு ராடு' என்று கடைக்காரர்களும் சர்வீஸ் செய்பவர்களும் சொல்வார்கள். நடுவில் மெல்லிய இரும்புக் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம். இதுதான் அதன் அமைப்பு.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. உலோகங்களில் சில எளிதில் கரையும், சில அவ்வளவு எளிதில் கரையாது. மெக்னீசியம், துத்தநாகம், இரும்பு, செம்பு என்று அந்த வரிசை போகும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள் ஒரே தண்ணீரில் மூழ்கியிருந்தால், எளிதில் கரைவது முதலில் கரையும். அது கரையும்போது வெளிவிடும் எலெக்ட்ரான்கள் மற்ற உலோகத்துக்குப் போய் அதைக் கரையவிடாமல் தடுக்கும். மெக்னீசியம் தான் கரைந்து எஃகைக் காப்பாற்றுகிறது.

இந்த முறைக்கு இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அன்றைய பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் செம்புத் தகடு அடித்திருந்தார்கள். கடல்நீர் அந்தத் தகட்டை அரித்தது. ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி, செம்போடு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை இணைத்துவிட்டால் செம்பு அரிக்கப்படாது என்பதை 1824-இல் நிரூபித்தார். இன்றும் எஃகுக் கப்பல்களின் அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். கப்பலில் வேலை பார்க்கும் நம் சகோதரர்களைக் கேட்டால், டாக்கில் ஏற்றும்போது பழைய கட்டிகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்துவதைச் சொல்வார்கள். கப்பலுக்குச் செய்யும் அதே காரியத்தைத்தான் வீட்டுக் கீசருக்கும் செய்யச் சொல்கிறோம்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இந்தக் கம்பி கரைவது கோளாறு அல்ல. கரைவதே அதன் வேலை. அது தீர்ந்துபோன பிறகும் நாம் கவனிக்காமல் இருப்பதுதான் கோளாறு. கம்பி தீர்ந்த நாளிலிருந்து அரிப்பு டேங்கின் பக்கம் திரும்புகிறது. ஆனால் அந்த நாளில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. வெந்நீர் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும்.

எல்லாக் கீசர்களிலும் இந்தக் கம்பி இருக்காது. சமையலறையில் மாட்டும் 3 லிட்டர் 'இன்ஸ்டன்ட்' வகையில் பொதுவாக இருப்பதில்லை. சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குகளிலும் இருப்பதில்லை. உங்கள் கீசரில் உண்டா என்பதை அதனுடன் தந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் தண்ணீர்

ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கீசர் ஒரு ஊரில் பன்னிரண்டு ஆண்டு உழைக்கும். இன்னொரு ஊரில் ஐந்து ஆண்டில் ஒழுகும். காரணம் தண்ணீர்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலான ஐ.எஸ். 10500, தண்ணீரின் கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. மொத்தக் கரைந்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, இதே அளவுகள் 500, 2000. குளோரைடுக்கு 250, 1000. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு உவர்ப்பான போர்வெல் தண்ணீர் புதிதல்ல. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரைக் கீசருக்கு விட்டால் ஆனோடு கம்பி மிக வேகமாகக் கரையும்.

"எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க், அது துருப்பிடிக்காது" என்று சிலர் சொல்வார்கள். நல்ல தண்ணீரில் அது சரி. ஆனால் குளோரைடு கூடிய வெந்நீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும், முக்கியமாக வெல்டிங் மூட்டுகளில், ஊசி குத்தியதுபோல் துளை விழும்.

"நாங்கள் சாஃப்ட்னர் வைத்திருக்கிறோம்" என்பவர்களும் உண்டு. சாஃப்ட்னர், தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைச் சேர்க்கிறது. அதனால் உப்புப் படிவு குறையும். ஆனால் குளோரைடு அப்படியே இருக்கும், டி.டி.எஸ்.ஸும் குறையாது. படிவைத் தடுப்பது வேறு, துருவைத் தடுப்பது வேறு. சாஃப்ட்னர் இருந்தாலும் ஆனோடு கம்பியைப் பார்த்தே ஆக வேண்டும்.

பல வீடுகளில் போர்வெல் தண்ணீருக்கு ஒரு தொட்டியும் நகராட்சிக் குடிநீருக்கு ஒரு தொட்டியும் தனித்தனியாக இருக்கின்றன. அப்படி இருந்தால், கீசருக்குப் போகும் லைனை நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்யும் பிளம்பிங் செலவு, பல ஆண்டுகளுக்குக் கீசரைக் காக்கும்.

உப்புப் படிவும் ஷாக்கும்

கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு இதுதான். கீசரில் அது எலிமெண்டின் மேல் படிகிறது.

படிவு ஒரு போர்வைபோல மூடிக்கொள்வதால் எலிமெண்டின் சூடு தண்ணீருக்கு எளிதில் போவதில்லை. எலிமெண்ட் அளவுக்கு மேல் சூடாகிறது. அதன் மேலுறை வெடிக்கிறது அல்லது அரிக்கப்பட்டு ஓட்டை விழுகிறது. அப்போது தண்ணீர் மின்சாரம் ஓடும் பகுதியைத் தொடுகிறது. எர்த் இணைப்பு சரியாக இருந்தால் அந்த மின்சாரம் எர்த் வழியாகப் போய்விடும், ஆர்.சி.சி.பி. இருந்தால் உடனே டிரிப் ஆகும். இரண்டும் இல்லாத வீட்டில் ஈரக் கையோடு குழாயைத் தொடுபவர்மீது பாயும்.

லாத்தா வீட்டில் நடந்தது இதுதான். அந்த பிளக் பாயின்டில் மூன்றாவது ஓட்டை இருந்தது. ஆனால் அதன் பின்னால் எர்த் ஒயர் கொடுக்கப்படவே இல்லை.

எனவே குழாயைத் தொடும்போது 'சுர்' என்றிருப்பதாகப் பிள்ளைகள் சொன்னால், "ஈரக் கை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அந்த நிமிடமே எம்.சி.பி.யை இறக்குங்கள். எலக்ட்ரீசியன் பார்த்துச் சரி செய்யும்வரை கீசரைப் போடாதீர்கள். குளியலறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திக்கொள்வதும், ஒரு எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதித்துக்கொள்வதும் எந்தக் கீசர் வீட்டுக்கும் அவசியம்.

ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை

இந்த வேலையைக் கீசர் பழுதுபார்க்கத் தெரிந்தவரைக் கொண்டே செய்யுங்கள். ஆனால் என்ன செய்கிறார் என்பது நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் மின்சாரம். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் உருவ வேண்டும். தண்ணீர் ஆறும்வரை சில மணி நேரம் பொறுக்க வேண்டும்.

2. கீசருக்குப் போகும் தண்ணீரை ஆங்கிள் வால்வில் மூட வேண்டும். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை விட வேண்டும். சுவரில் செங்குத்தாக மாட்டும் கீசர்களில், குளிர்நீர் உள்ளே போகும் நீல நிறப் பக்கத்தின் வழியாகத்தான் டேங்க் வடியும்.

3. அடியில் உள்ள ஃபிளேஞ்சைக் கழற்றினால் பெரும்பாலான கீசர்களில் எலிமெண்டும் ஆனோடு கம்பியும் சேர்ந்தே வெளியே வரும். கம்பி பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ, நடுவில் உள்ள இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். அதே மாடலுக்கு உரிய கம்பியைக் கேட்டு வாங்குங்கள். இதன் விலை சில நூறு ரூபாய்தான்.

4. எலிமெண்டில் படிவு மெலிதாக இருந்தால், சிட்ரிக் ஆசிட் கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ அதன் சூடாகும் பகுதியை மட்டும் ஊறவைத்து மெதுவாகத் தேய்க்கலாம். ஒயர் இணைக்கும் முனைகள் நனையக் கூடாது. கத்தியால் சுரண்டவோ சுத்தியலால் தட்டவோ விடாதீர்கள். மேலுறையில் கீறல் விழும். வெடித்திருந்தால் மாற்றுவதே வழி.

5. டேங்கின் அடியில் தங்கிய சேற்றையும் படிவையும் சுத்தமான தண்ணீர் விட்டு அலசி வெளியேற்ற வேண்டும். இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குடையக் கூடாது. எனாமல் பூச்சு பெயர்ந்துவிட்டால் அந்த இடத்தில் துரு ஏறும்.

6. ரப்பர் காஸ்கெட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். பழையதையே திரும்பப் போட்டால் அங்கிருந்து தண்ணீர் கசிந்து, ஒயர்கள் இருக்கும் இடத்தில் இறங்கும்.

7. திரும்பப் பூட்டிய பிறகு டேங்க் முழுவதும் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் சீராக வந்தபின்தான் மின்சாரம் கொடுக்க வேண்டும். காலி டேங்கில் ஸ்விட்சைப் போட்டால் எலிமெண்ட் சில நிமிடங்களில் எரிந்துவிடும்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் முதல் சோதனையை ஆறு மாதத்திலேயே செய்து பாருங்கள். அந்த ஆறு மாதத்தில் கம்பி எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைப் பார்த்தால், உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இடைப்பட்ட நாட்களில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வெப்ப அளவை மாற்றும் வசதி இருந்தால் 60 டிகிரி அளவில் வையுங்கள். அதற்கு மேல் போகப் போகப் படிவும் அரிப்பும் கூடும். மிகவும் குறைத்துவிடுவதும் நல்லதல்ல. 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் சில நோய்க் கிருமிகள் வளரும். அதே சமயம் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலந்து, கையால் பார்த்த பின் கொடுங்கள்.

சொட்டும் வால்வை அடைக்காதீர்கள்

கீசரின் குளிர்நீர்க் குழாயில் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணீர் சூடாகும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். "கீசர் ஒழுகுகிறது" என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைத்துவிடும் வீடுகள் உண்டு. இது மிகவும் ஆபத்தானது.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரிவடைகிறது. அந்தக் கூடுதல் தண்ணீருக்குப் போக்கிடம் இந்த வால்வுதான். அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதாகி, துருவால் டேங்கும் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும்? ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். கீசர் வெடிக்கும் விபத்துகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

எனவே சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது இயல்பு. ஒரு சிறு டியூபை மாட்டித் தரைக்கு இறக்கிவிடுங்கள். எந்த நேரமும் நிற்காமல் ஒழுகினால் வால்வை மாற்றுங்கள். எப்படியிருந்தாலும் அடைக்காதீர்கள். வால்வில் லீவர் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை மெதுவாகத் தூக்கிவிட்டுப் பாருங்கள். உப்பு இறுகி வால்வு மாட்டிக்கொள்ளாமல் இருக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கீசர்

குடும்பத்தோடு வளைகுடாவில் இருப்பவர்களின் ஊர் வீடுகள் பல மாதங்கள் பூட்டியே கிடக்கின்றன. கீசர் ஓடாமல் இருந்தாலும் டேங்கில் தண்ணீர் நிற்கும்வரை உள்ளே அரிப்பும் ஆனோடு கரைவதும் நடந்துகொண்டேதான் இருக்கும்.

புறப்படும்போது எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, கீசருக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடிவிடுங்கள். ஆளில்லாத வீட்டில் டேங்க் ஒழுகினாலும் வீடு முழுக்கத் தண்ணீர் நிற்காது.

திரும்பி வந்ததும் நேராகப் போய் ஸ்விட்சைப் போடாதீர்கள். மெக்னீசியம் கரையும்போது சிறிதளவு ஹைட்ரஜன் வாயு உண்டாகும். வாரக்கணக்கில் பயன்படுத்தாத டேங்கில் அது மேலே சேர்ந்து நிற்கலாம். இது தீப்பற்றும் வாயு. முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆங்கிள் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். காற்று வெளியேறும் சத்தம் நின்று, தண்ணீர் தெளிவாக வந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். அதுவரை அருகில் தீக்குச்சியோ சிகரெட்டோ கூடாது.

நெடுநாள் கழித்துத் திறக்கும்போது வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தேங்கிய தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியாதான் பெரும்பாலும் காரணம். டேங்கை முழுவதும் வடித்து அலசச் சொல்லுங்கள். நாற்றம் திரும்பத் திரும்ப வந்தால், மெக்னீசியத்துக்குப் பதில் அலுமினியம்–துத்தநாகம் கலந்த ஆனோடு உங்கள் மாடலுக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

குளிர்நீர் தெளிவாகவும் வெந்நீர் மட்டும் பழுப்பாகவும் வந்தால் துரு கீசருக்குள் இருக்கிறது. இரண்டுமே பழுப்பாக வந்தால் மேல்தொட்டியையும் குழாய்களையும் பாருங்கள். சூடாகும்போது 'டப் டப்' என்று சத்தம் வந்தாலும், முன்பைவிடச் சூடாக நேரம் எடுத்தாலும் படிவு ஏறியிருக்கிறது என்று பொருள். இவற்றுக்குச் சர்வீஸ் போதும்.

ஆனால் டேங்கே ஓட்டை விழுந்து ஒழுகினால் கீசரை மாற்றுவதுதான் வழி. "வெல்டிங் வைத்துத் தருகிறேன்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். வெல்டிங் சூட்டில் எனாமல் பூச்சு சிதறிவிடும். அழுத்தம் தாங்க வேண்டிய டேங்கில் ஒட்டுப் போடுவது உயிருக்கே ஆபத்து.

புதிதாக வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "ஆனோடு ராடு தனியாகக் கிடைக்குமா? இந்தத் தண்ணீருக்கு எத்தனை மாதத்தில் மாற்ற வேண்டும்? டேங்க் வாரண்டிக்கு என்ன நிபந்தனை?" என்று கடையிலேயே கேளுங்கள். டேங்குக்குப் பல ஆண்டு வாரண்டி என்று அட்டையில் பெரிதாக எழுதியிருந்தாலும், தண்ணீரின் தரம், ஆனோடு மாற்றுவது பற்றிய நிபந்தனைகள் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கலாம்.

லாத்தா வீட்டில் புதுக் கீசர் மாட்டியாகிவிட்டது. எர்த் ஒயரும் இழுத்தாயிற்று. சர்வீஸ் தம்பி போகும்போது, கீசரின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, ஆனோடு பார்க்க வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் மார்க்கரால் எழுதிவிட்டுப் போனார். அந்தத் தேதியை ஞாபகப்படுத்தும் பொறுப்பை இளைய மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

நீங்களும் இன்றே உங்கள் வீட்டுக் கீசரை ஒருமுறை ஏறெடுத்துப் பாருங்கள். வாங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின, கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கணக்கிடுங்கள். பதில் 'ஞாபகமில்லை' என்றால், சர்வீஸுக்குச் சொல்லிவிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஊரில் தனியாக இருக்கும் வாப்பா, உம்மா வீட்டுக் கீசரையும் மறந்துவிடாதீர்கள்.